கல்லாப்பெட்டி எங்கே இருக்கிறது?

வீடியோ கேம் பற்றி எங்கள் ஆரணியில் இரண்டே அபிப்பிராயங்கள்தான். ஆடாதவர்களைக் கேட்டால், பிள்ளைகள் கெட்டுப்போவதே அதனால்தான் என்பார்கள். ஆடுகிறவர்களைக் கேட்டால், "சும்மா டைம்பாஸுக்குண்ணா" என்பார்கள். நாற்பதைத் தாண்டியும் ஆட்டத்தை விடாதவன் நான். கான்ட்ரா தொடங்கி வெண்பா வரை ஆடியாகிவிட்டது. இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ரம்மி, பப்ஜி, லூடோ, மரியோ எல்லாம் ஒரே சரக்கு என்று நினைத்துக்கொண்டுதான் இரு தரப்பும் பேசுகிறார்கள். டீக்கடையில் அப்படிப் பேசினால் போகட்டும் என்று விடலாம். சட்டசபையிலும் நீதிமன்றத்திலும்கூடப் பல வருஷம் இந்தக் குழப்பம் ஓடியது.

ஓர் ஆட்டம் யோக்கியமானதா என்று தெரிந்துகொள்ள நான் வைத்திருக்கும் சோதனை ரொம்பச் சின்னது. கல்லாப்பெட்டியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். கடை வாசலில் இருந்தால் தைரியமாக உள்ளே போகலாம். ஆட்டத்துக்கு நடுவில் இருந்தால் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும். துப்பாக்கி, ரத்தம், வன்முறை பற்றிய கவலையெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்தான்.

தொண்ணூறுகளில் நெசவுத் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு 'டிவி கேம்' ஞாபகம் இருக்கும். நின்டென்டோ 1983-ல் ஜப்பானில் விற்கத் தொடங்கிய ஃபேமிகாம் பெட்டியைப் பார்த்து, யார் யாரோ செய்து தள்ளிய மலிவு நகல் அது. கேசட்டின் மேல் '9999999 இன் 1' என்று போட்டிருக்கும். செருகிப் பார்த்தால் ஏழெட்டு ஆட்டம்தான் தேறும். அவற்றையே பெயரை மாற்றி, வேகத்தை மாற்றித் திரும்பத் திரும்ப அடுக்கி வைத்திருப்பார்கள். படம் வரவில்லை என்றால் கேசட்டை உருவி, வாயால் ஊதி, மறுபடி செருகுவோம். ஊதியதற்கும் படம் வந்ததற்கும் சம்பந்தமே இல்லையாம். எடுத்துச் செருகியதில்தான் சரியானதாம். இருக்கட்டும். ஊதாமல் செருகிய ஒருத்தனை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.

பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் வாடகைக்கு ஆடினார்கள். ஓர் அறை, இரண்டு மூன்று டிவி, மணிக்கு இவ்வளவு என்று காசு. கடைக்காரர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நேரம் முடிந்தால் ஸ்விட்சை அணைத்துவிடுவார். மரியோ எட்டாவது உலகத்தில், கடைசிக் கோட்டை வாசலில் நின்றாலும் அவருக்குக் கவலை கிடையாது. அந்தப் பெட்டியில் விட்ட இடத்தைச் சேமித்து வைக்கும் வசதியும் இல்லை. நாளைக்கு வந்தால் முதல் ஸ்டேஜிலிருந்துதான். கொடுமைதான், ஆனால் அந்தக் கொடுமைக்குள் ஒரு நேர்மை இருந்தது. நீ ஜெயித்தாலும் தோற்றாலும் கடைக்காரருக்கு ஒரே வாடகை. பின்னால் நிற்கும் அடுத்த பையனுக்கு இடம் விட வேண்டும் என்பதால், நீ சீக்கிரம் எழுந்து போவதே அவருக்கு லாபம். ஆட்டத்துக்குள் நம் பையைத் துழாவ யாரும் இல்லை.

அந்த அறைக்கு வராத பையன்களும் இருந்தார்கள். அவர்கள் பட்டுத்தறியில் இருந்தார்கள். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவர் ஒருவராலேயே இரண்டு கரையையும் பார்க்க முடியாது. ஒரு கரைக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார வேண்டும். காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் அந்த இன்னோர் ஆள், பல வீடுகளில், பத்து வயதுப் பிள்ளை. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. வீட்டுத் தறிக்குழிக்குள் அது எட்டிப் பார்க்கப் பல வருஷமானது. அதிகாரிகளும் தொண்டு நிறுவனங்களும் வீடு வீடாக ஏறி இறங்கிய பிறகுதான் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். "கேம் ஆடி வீணாப் போறான்" என்று யாராவது மகனைத் திட்டும்போது எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். சாயங்காலம் ஆட ஒரு மணி நேரம் கிடைத்தது என்பதே எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு தலைமுறை போராடிக் கிடைத்த சமாச்சாரம். அதை ஒரேயடியாகப் பிடுங்கிவிடச் சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.

கான்ட்ராவுக்கு வருகிறேன். மூன்றே உயிர். மூன்றாவது ஸ்டேஜ் அருவியில் ஏறுவதற்குள் தீர்ந்துவிடும். ஆனால் தொடக்கத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தினால் முப்பது உயிர். இந்த வரிசையை முதலில் வைத்தவர் கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986-ல் 'கிரேடியஸ்' ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றும் வேலையில் இருந்தார். சோதித்துப் பார்க்கத் தன்னாலேயே ஆட முடியாத அளவுக்கு அது கடினமாக இருந்ததால், தனக்கென்று வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அதேபோல 'வைஸ் சிட்டி' வந்தபோது, பீரங்கி வண்டி வரவழைக்க ஒரு வார்த்தை, போலீஸை விரட்ட ஒரு வார்த்தை என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் பையன்கள் எழுதி வைத்திருந்தார்கள். பிரவுசிங் சென்டரில் அந்தப் பக்கத்துக்கு இருந்த மரியாதை வாய்பாட்டுக்கு இருந்ததில்லை.

இன்றைக்குப் பெரிய ஆட்டங்களில் இந்தக் குறுக்குவழிகள் அநேகமாக மறைந்துவிட்டன. ஆட்டக்காரர்கள் யோக்கியர்களாகிவிட்டார்கள் என்பது காரணமில்லை. அன்று இலவசமாகக் கொடுத்த முப்பது உயிரை இன்று விலைக்கு விற்க முடியும், அதனால்தான். 2012-ல் வந்த 'கேண்டி கிரஷ்'ஷைப் பாருங்கள். ஐந்து உயிர். தீர்ந்தால் ஓர் உயிருக்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கட்ட வேண்டும். ஹாஷிமோட்டோ 2020-ல் காலமானார். அவர் தன் வசதிக்காகச் செய்ததை வைத்து ஒரு தொழிலே நடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நியாயமாகச் சொன்னால், இது புது வித்தையும் இல்லை. 1978-ன் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980-ன் 'பேக்மேன்' எல்லாம் காசு போட்டு ஆடும் இயந்திரங்கள். மூன்று உயிர், பிறகு 'கேம் ஓவர்' என்ற ஏற்பாடே அடுத்த நாணயத்தைப் போட வைக்கத்தான். வீட்டுப் பெட்டி வந்தபோது கல்லா ஆட்டத்தை விட்டு வெளியேறியது. மூன்று உயிர் மட்டும் பழக்கதோஷத்தில் ஒட்டிக்கொண்டது. கால் நூற்றாண்டு காலம் ஒருமுறை காசு கொடுத்தால் ஆட்டம் நம்முடையதாக இருந்தது. செல்போன் வந்து, கல்லாவை மறுபடி உள்ளே தூக்கி வைத்தது. நான் ஆடிப் பழகியது அந்த நடுவிலிருந்த நல்ல காலத்தில் என்பதால், என் அபிப்பிராயத்தில் கொஞ்சம் கிழட்டுத்தனம் தெரியலாம். பரவாயில்லை.

இன்னும் சில அபிப்பிராயங்கள் உண்டு. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். 2006-ல் வந்த 'ஈஏ கிரிக்கெட் 07'-ஐ மிஞ்சிய கிரிக்கெட் ஆட்டம் இன்னும் பிறக்கவில்லை. 'ரோட் ராஷ்'ஷில் பக்கத்து வண்டிக்காரனை எட்டி உதைத்த சுகம், இன்றைய பந்தய ஆட்டங்களின் பளபளப்பில் இல்லை. நூறு மணி நேரம் ஆட வேண்டிய ஆட்டத்தில் எண்பது மணி நேரம் வெறும் நடைதான். நடப்பதற்கு எனக்கு ஆற்றங்கரை இருக்கிறது. கிரிக்கெட் 07-ஐத் தயாரித்த நிறுவனம் அதோடு கிரிக்கெட்டையே விட்டுவிட்டது. ஆனால் ரசிகர்கள் விடவில்லை. இன்றைய வீரர்கள், இன்றைய சட்டை, இன்றைய ஐபிஎல் அணிகள் என்று தாங்களே செய்து அதில் ஒட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கையில் இருக்கும் ஆட்டத்தை யாரும் பிடுங்க முடியாது என்பதால் அது சாத்தியமாகிறது. யுபிசாஃப்ட் நிறுவனம் 2014-ல் விற்ற 'தி க்ரூ' என்ற பந்தய ஆட்டத்தின் சர்வரை 2024 மார்ச் இறுதியில் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. வாங்கிய சேலையைக் கடைக்காரர் பத்து வருஷம் கழித்து வந்து பீரோவிலிருந்து எடுத்துப் போனால் நாம் சும்மா இருப்போமா?

சட்டம் எப்படிக் குழம்பியது என்ற கதைக்கு வருவோம். ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து தமிழ்நாட்டில் பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அடுத்த பிப்ரவரியில் அது சட்டமானது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் குழு, 2022-ல் இன்னொரு சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பியது, சட்டசபை மறுபடி நிறைவேற்றியது என்று இழுத்து, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அந்த நவம்பரிலேயே, ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இத்தனைக்கும் மூலம் ஒரே கேள்விதான். ரம்மி திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா? திறமைதான் பிரதானம் என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லியிருந்தது. குதிரைப் பந்தயத்துக்கு 1996-ல் அதே பதில். அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான்.

எங்கள் பக்கத்து ஆள் யாரையாவது சாட்சிக்கு அழைத்திருந்தால் இந்த வழக்கு ஒரு நாளில் முடிந்திருக்கும். ஆரணி, செய்யாறு வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊரிலெல்லாம் வசந்த காலத்தில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. கூத்துக்குப் பேர்போன புரிசை எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான். 'பகடை துகில்' கூத்தன்றைக்கு விடிய விடியக் கூட்டம் கலையாது. தருமன் நாட்டை வைப்பான், தம்பிகளை வைப்பான், தன்னை வைப்பான், கடைசியில் பெண்டாட்டியை வைப்பான். அந்தக் கூத்தைப் பார்த்து வளர்ந்த எந்தக் கிழவியிடமும் போய், பகடை திறமையா அதிர்ஷ்டமா என்று கேளுங்கள். சகுனிக்குத் திறமை, தருமனுக்கு அதிர்ஷ்டம் என்பாள். ஒரே பலகைதான், எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பேருக்கு அது இரண்டு ஆட்டம். ஆட்டத்தின் தன்மையை மட்டும் ஆராய்ந்தவர்கள், பலகையைப் போட்டவன் யார், எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருப்பவன் யார் என்று பார்க்கத் தவறிவிட்டார்கள்.

ரம்மி ஆப் நடத்தியவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார். யார் ஜெயித்தாலும் அவருக்கு வரும்படி. மேலோட்டமாகப் பார்த்தால் டிவி கேம் கடைக்காரர் போலத்தான். ஆனால் அவர் நேரமானால் ஸ்விட்சை அணைத்தார். இவர் அணைத்ததே இல்லை. வீடு தூங்கிய பிறகுதான் இவருக்கு வியாபாரம் நடந்தது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை காசு ஆட்டம் கூடாது என்று விதி கொண்டுவந்தது. ஜூனில் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. எனக்குத் தெரிந்து இந்தப் பிரச்சினையில் விஷயம் தெரிந்து எழுதப்பட்ட முதல் விதி அதுதான். ஸ்விட்ச் யார் கையில் இருக்க வேண்டும் என்று அது யோசித்தது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரே அடியாக அடித்தது. திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டிக் காசு எதிர்பார்க்கும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்றது சட்டம். நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த டிரீம்11 அந்த மாதமே காசுப் போட்டிகளை நிறுத்தியது; சட்டையிலிருந்தும் பெயர் போனது. முடிவை நான் வரவேற்கிறேன். ஆனால் 2023 அக்டோபரிலிருந்து கட்டும் பணம் முழுவதற்கும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வாங்கியதும் இதே மத்திய அரசுதான் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஏறக்குறைய இரண்டு வருஷம் அரசும் அந்தக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தது.

இந்தச் சட்டம் தொடாமல் விட்ட கல்லா ஒன்று இருக்கிறது. அதுதான் பிள்ளைகள் கையில் இருக்கிறது.

2020-ல் ஊரடங்கு வந்தது. கல்யாணங்கள் ஐம்பது பேரோடு நடந்தன. பட்டுக்கு ஆள் இல்லை. பாவு இல்லாமல் தறிகள் சும்மா கிடந்தன. அதே நேரத்தில்தான் ஆன்லைன் வகுப்புக்கென்று கடன் வாங்கியாவது ஒவ்வொரு வீட்டிலும் ஸ்மார்ட்போன் வாங்கினார்கள். வகுப்பு முடிந்ததும் அந்தப் போனில் பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் ஓடின. செப்டம்பர் 2-ம் தேதி பப்ஜியைத் தடை செய்தபோது தெருவில் தாய்மார்களுக்கு ஏக மகிழ்ச்சி. பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் தடை என்று இன்றைக்கும் நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாட்டின் இறையாண்மை, தகவல் பாதுகாப்பு என்பதே அரசு சொன்ன காரணம். எல்லையில் சீனாவோடு மோதல் நடந்த வருஷம் அது. பிள்ளைகள் எத்தனை மணி நேரம் ஆடினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்பதற்கும் அந்த உத்தரவுக்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்த வருஷமே அந்த ஆட்டம் பிஜிஎம்ஐ என்ற புதுப் பெயரில் வந்தது. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று சொன்னார்கள். ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல் ஆட முடியாது. ஒரு நாளைக்கு 7,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்ய முடியாது. இரண்டாவது நிபந்தனையை இன்னொரு முறை படியுங்கள். ஒரு பட்டுச்சேலையைப் பல நாள் உட்கார்ந்து நெய்து முடித்தால்தான் எங்கள் ஊரில் கூலி. ஒரு நாளில் 7,000 ரூபாய் கூலி பார்த்த நெசவாளி ஆரணியில் இன்னும் பிறக்கவில்லை. அது ஒரு பத்தாம் வகுப்புப் பையனுக்கு 'வரம்பு' என்று எழுதியவர் எந்த ஊர்ப் பையனை மனதில் வைத்திருந்தாரோ!

இந்த ஆட்டங்கள் இலவசம். உள்ளே போனால் வைரம், யூசி என்று ஏதோ ஒரு நாணயம். ரூபாயை அதற்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு எவ்வளவு போகிறது என்று மனசில் கணக்கு நிற்காது. சீட்டு விளையாடும் கிளப்பில் பணத்தை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் வில்லை கொடுப்பதும் இதே காரணத்துக்குத்தான். அந்த வைரத்தைக் கொண்டு நேராகத் துப்பாக்கிக்கு ஒரு நிறம் வாங்கிவிட முடிந்தாலாவது பரவாயில்லை. முக்கால்வாசி நேரம் ஒரு சக்கரம் சுற்ற வேண்டும், அல்லது ஒரு பெட்டி திறக்க வேண்டும். விரும்பியது விழலாம், விழாமலும் போகலாம். காசாகத் திரும்ப எதுவும் வராது என்பதால் சூதாட்டத்தின் வரையறைக்குள் இதை அடக்குவது கஷ்டம். பெல்ஜியம் 2018-ல் அடக்கியது: இப்படிக் காசுக்குத் திறக்கும் பெட்டிகள் சூதாட்டமே என்றது. அமெரிக்காவில் 'ஃபோர்ட்நைட்' தயாரிக்கும் எபிக் நிறுவனம் 2022 டிசம்பரில் 24.5 கோடி டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. குழப்பமான பொத்தான் அமைப்பால், ஒரே அழுத்தில், வேண்டாதவர்களையும் வாங்க வைத்தார்கள் என்பது அங்குள்ள வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு. பிள்ளைகள் செலவழித்ததும் அந்தக் கணக்கில் வந்தது.

அடிமையாகிவிடுவார்களே என்பார்கள். சிலர் ஆவார்கள். உலகச் சுகாதார நிறுவனம் இதை ஒரு நோயாகவே பட்டியலிட்டு, 2022 முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் இதற்கென்றே ஒரு பிரிவு இயங்குகிறது. படிப்பு, தூக்கம், சாப்பாடு, சிநேகிதம் எல்லாம் கெட்டும் பல மாதங்களாக விட முடியாத நிலைக்குத்தான் நோய் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஆடும் பையனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

என்னை உண்மையில் உறுத்துவது ஆட்டத்தைச் சுற்றி வளர்ந்த பேச்சுதான். நேரலையில் ஆடிக் காட்டுகிறவர்கள் வாயில் பெண்களைப் பற்றி வரும் வசவைக் கேட்டால் தறிப்பட்டறையில் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். பெண்களை ஆபாசமாகப் பேசியதாக வந்த புகாரில் ஒரு பிரபல யூடியூபர் 2021 ஜூனில் தருமபுரியில் கைதானார். அவர் மாட்டினார். அந்தப் பாஷை எங்கும் போகவில்லை. பெண் குரல் கேட்டதும் மைக்கில் என்னென்ன பேசுவார்கள் என்று ஆடும் பெண்களுக்குத் தெரியும். அவர்களில் பலர் மைக்கை மூடி வைத்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள். இதற்குச் சட்டம் வேண்டாம். குழுவில் இருக்கும் நாலு பேரில் ஒருவன் "டேய், வாயை மூடு" என்று சொன்னால் போதும்.

இ-ஸ்போர்ட்ஸில் சேர்ந்து சம்பாதிக்கப்போகிறேன் என்று சொல்லும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. 2022 டிசம்பரில் மத்திய அரசு அதை விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது; ஹாங்சோ ஆசியப் போட்டியில் அதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். எல்லாம் உண்மை. ஆனால் பப்ஜியில் விமானத்திலிருந்து நூறு பேர் குதித்து ஒருத்தன் மிஞ்சுகிறான் இல்லையா? அந்தத் தொழிலின் கணக்கு அதைவிட மோசம்.

ஆடிச் சம்பாதிப்பதைவிட, ஆட்டத்தைச் செய்து சம்பாதிக்கலாமே என்பது என் கட்சி. ஆரணிக்காரன் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எந்தப் பட்டறைக்குப் போனாலும் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து துளை போட்ட அட்டைகள் மாலையாகத் தொங்கும். துளை இருக்கும் இடத்தில் கொக்கி இழையைத் தூக்கும். இல்லாத இடத்தில் தூக்காது. ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. பிரான்ஸில் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ல் செய்த ஏற்பாடு இது. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க இந்த அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டரின் வம்சாவளியில் பட்டுத்தறிக்குத் தாத்தா ஸ்தானம்.

அட்டை குத்துவதற்கு முன் டிசைனைக் கட்டம் போட்ட காகிதத்தில் வரைவார்கள். இப்போது கம்ப்யூட்டரிலும் செய்கிறார்கள்; கட்டம் அதேதான். முந்தானையில் ஒரு மயில் வேண்டும் என்றால் அதன் கழுத்து வளைவைக் கட்டங்களால்தான் காட்ட வேண்டும். கிட்டப் போய்ப் பார்த்தால் அது வளைவே இல்லை. படிப்படியாக இறங்கும் சதுரங்கள். இரண்டு கட்டம் கீழே ஒரு கட்டம் பக்கவாட்டில், பிறகு மூன்றுக்கு ஒன்று என்று போகும். ஒரு கட்டம் தப்பினால் சேலையில் மயிலுக்குக் கழுத்து முறிந்துவிடும். கண்ணுக்கு ஒரே கட்டம். அதைச் சுற்றி வெற்றிடம் விட்டால்தான் கண் என்று தெரியும். 1981-ல் ஷிகெரு மியாமோட்டோ மரியோவை வரைந்தபோது அவர் முன்னால் இருந்ததும் இதே சங்கடம். முடியை வரைய இடம் இல்லாததால் தொப்பி போட்டார். வாய் வரைய முடியாததால் மீசை வைத்தார். உலகத்துக்கே தெரிந்த அந்த முகம் கட்டப் பற்றாக்குறையில் பிறந்தது. எங்கள் ஊரில் யாளியையும் அன்னத்தையும் கட்டத்துக்குள் மடக்கும் கைகள் எத்தனையோ இருக்கின்றன. அவர்கள் பிள்ளைகள் கோடம்பாக்கத்துக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிப் போகிறார்கள். அந்தக் கை கேம் செய்யும் கை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தமிழ் வீட்டைப் பற்றி உலகம் ஆடிய ஆட்டம் ஒன்று வந்தது. அது டொரண்டோவிலிருந்து வந்தது. 2023 ஜூலையில் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா'. 1988-ல் கனடாவுக்குக் குடிபோன வெண்பா, பாவலன் தம்பதி. அங்கே பிறந்து வளரும் மகன் கவின். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் நோட்டு கிழிந்து கறைபட்டுக் கிடக்கிறது. அதில் விட்டுப்போனதை யூகித்துச் சமைக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பது அதில் ஒரு புதிர். என் வீட்டில் தினமும் விடுவிக்கப்படும் புதிர். அதைத் திரையில் நான் தப்பாக அடுக்க, பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். சில மணி நேரத்தில் முடிந்துவிடும் ஆட்டம். 2024-ல் சிறந்த முதல் படைப்புக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. ஒருமுறை காசு கொடுத்தால் முழு ஆட்டமும் உங்களுடையது. இட்லி மாவுக்கு வைரம் கேட்கும் வழக்கம் அதில் இல்லை.

இப்படி விற்றால் பிழைக்க முடியுமா என்று கேட்பார்கள். எரிக் பரோன் என்ற ஒரே ஆள், படம், இசை, நிரல் எல்லாம் தானே செய்து, 2016-ல் 'ஸ்டார்டியூ வேலி' என்ற விவசாய ஆட்டத்தை வெளியிட்டார். 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. பிறகு சேர்த்த புதுப் பகுதிகளுக்கு அவர் காசு வாங்கவில்லை. எங்கள் ஊரிலும் ஆட்டத்துக்குக் கதை இருக்கிறது. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுகிறார்கள், மேகம் கறுக்கிறது, அறுந்த இழைகளைத் தேடி முடிந்து, மழை விழுவதற்குள் சுருட்டி எடுக்க வேண்டும். யாராவது செய்தால் முதல் பிரதி எனக்கு.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். போனைப் பிடுங்குவதற்கு முன், "இதுல காசு எங்கே போடுறது, காட்டு" என்று பிள்ளையிடம் கேளுங்கள். காட்டிவிடும். போனில் கார்டு எண்ணைச் சேமித்து வைக்காதீர்கள், யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். தோற்பீர்கள், பிள்ளை சந்தோஷப்படும்.

அரசிடம் கேட்பதற்கு மூன்று இருக்கின்றன. ஆட்டத்துக்குள் விற்கும் எதற்கும் வைரத்தில் இல்லாமல் ரூபாயில் விலை போட வேண்டும். குலுக்கல் பெட்டியில் விரும்பிய பொருள் விழ எத்தனை சதவீத வாய்ப்பு என்பதை வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே தமிழில் காட்ட வேண்டும். வாய்ப்பைச் சொல்ல வேண்டும் என்ற விதியை ஆப்பிள் 2017-லும் கூகுள் 2019-லும் போட்டுவிட்டன. ஆனால் அந்தத் தகவல் ஆங்கிலத்தில், எங்கோ உள்ளே தள்ளிக் கிடந்தால் எட்டாம் வகுப்புப் பையன் தேடிப் படிக்க மாட்டான். மூன்றாவதாக, 18 வயதுக்குக் கீழே குலுக்கல் விற்பனையே கூடாது. இவற்றில் முதல் இரண்டுக்குப் புதுச் சட்டம்கூடத் தேவைப்படாது. வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகைத் திரைத் தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே தடை செய்திருக்கிறது. ஷாப்பிங் ஆப்களுக்கு அதைக் காட்டி நோட்டீஸ் அனுப்புகிறவர்கள் கேம் நிறுவனங்களுக்கும் அனுப்பலாம். அனுப்ப வைப்பதற்குப் புகார் வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.